மைக்கில் வாசித்த ஜெபக்குறிப்பு

பரளச்சி
12-3-2025
(கார்டு 1)

அன்புத் தங்கை ப்ரியாவுக்கு, தங்கச்செல்வி டீச்சரின் ஸ்தோத்திரம்.

போன் போட்டேன், போகவில்லை. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சண்டே கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூட்டுத் தொங்குகிறது. எதிர்வீட்டில் கேட்டதற்கு, "பிள்ளையக் கூட்டிக்கிட்டு அருப்புக்கோட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருச்சு" என்றார்கள். விலாசமும் அவர்கள் சொன்னதுதான். அதனால் கார்டு எழுதுகிறேன்.

உனக்கு என்மேல் கோபம் என்று தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாயே, அப்போதே தெரிந்தது. ஆனால் ப்ரியா, நான் என்ன கெடுதலா செய்தேன்? கிளாஸில் ஜெபக்குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன். உன் மகள் ஈவா கையைத் தூக்கி, "டீச்சர், எங்கப்பா குடிய விடுற ஆஸ்பத்திரியில இருக்காங்க. கை நடுங்காம சீக்கிரம் வீட்டுக்கு வரணும்" என்றாள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு விசுவாசம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

(கார்டு 2, இடம் போதவில்லை)

இதைப் பிள்ளைகளோடு நிறுத்துவானேன், சபையே சேர்ந்து ஜெபிக்கட்டும் என்றுதான் ஒரு சீட்டில் எழுதி வேதமுத்து உபதேசியாரிடம் கொடுத்தேன். அவர் எந்தக் குறிப்பு வந்தாலும் மைக்கில் வாசிக்கிறவர், உனக்குத் தெரியாததா? நவீன் கத்தாரில் வண்டி ஓட்டுகிறான் என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். நீதான் அப்படிச் சொன்னாய். உள்ளது தெரிந்தால்தானே உள்ளபடி ஜெபிக்க முடியும்?

சரி, கோபத்தை விடு. லீவில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். வேதாகம வகுப்பு நடத்துகிறோம். ஆக்‌ஷன் பாட்டுக்கு ஈவாதான் முன்வரிசை. ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்ததற்கு அவளுக்கு டிபன் பாக்ஸ் பரிசு விழுந்திருக்கிறது. என்னிடம்தான் இருக்கிறது.

அக்கா,
தங்கச்செல்வி


அருப்புக்கோட்டை
18-3-2025

தங்கச்செல்வி அக்காவுக்கு,

கார்டு 2 நேற்று வந்தது. கார்டு 1 இன்று வந்தது. இரண்டையும் போஸ்ட்மேன் படித்துவிட்டார். எங்கள் முருகேஸ்வரி அக்கா கையில் கொடுக்கும்போதே, "பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் இருக்காம்ல" என்றாராம். மைக்கில் சொன்னது பத்தாது என்று திறந்த கார்டிலும் எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி, கை நடுக்கம், கத்தார் எல்லாம் அதில் இருக்கிறது. புண்ணியமாகப் போகும், இனி எழுதினால் கவரில் போட்டு ஒட்டி அனுப்புங்கள்.

நான் ஏன் போனில் பேசாமல் எழுதுகிறேன் என்றால், பேசினால் கத்திவிடுவேன். வாய்ஸ் அனுப்பினால் நீங்கள் பத்துப் பேருக்கு ஃபார்வர்டு பண்ணுவீர்கள். லெட்டரை ஃபார்வர்டு பண்ண முடியாது.

என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். "சகோதரன் நவீன் குடிப்பழக்கத்திலிருந்து விடுதலையாக" என்று உபதேசியார் நிறுத்தி நிதானமாக வாசித்தாரே, அப்போது பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. ஈவா என் சேலைத் தலைப்பை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடுகிறேன், ஒருத்தர் வந்து, "ஏம்மா, கத்தாருன்னு சொன்ன?" என்கிறார். இன்னொரு அம்மா, "நீ நேரத்துக்குச் சோறாக்கிப் போட்டா அவுக ஏன் குடிக்காக?" என்று கேட்கிறார். ஜெபம் முடிந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை அக்கா.

கத்தார் பொய்தான். நான்தான் சொன்னேன். எத்தனை தடவை கெஞ்சியும் கேட்காத மனுஷன், தைப்பொங்கல் முடிந்து ஒரு நாள் தானாக வந்து, "என்னைய எங்கயாச்சும் சேத்துவிடு ப்ரியா" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். பதிலுக்கு அவர் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். "ஊருக்குத் தெரிய வேணாம். திரும்பி வந்து நான் அந்த ரோட்டுல நடக்கணும்ல." அவர் ஓட்டுகிற லோடு வண்டியின் முதலாளி, வீரசோழன் ஊர்க்காரர் சபீர் பாய்தான் மதுரைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். சபீர் பாய்க்கு ஆதியிலிருந்தே எல்லாம் தெரியும். இன்றுவரை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஈவாவிடம் மட்டும் நான் மறைக்கவில்லை. பிள்ளைக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எதையும் மறைக்கவும் முடியாது. அவள் உங்களை நம்பி உங்களிடம் சொன்னாள். சபையிடம் சொல்லவில்லை.

டிபன் பாக்ஸை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ப்ரியா


பரளச்சி
25-3-2025

அன்புத் தங்கை ப்ரியாவுக்கு,

கவரில் போட்டிருக்கிறேன். கோந்து தடவி, மேலே ஸ்டேப்ளரும் அடித்திருக்கிறேன். போதுமா?

உன் லெட்டரைப் படித்துவிட்டு ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தவள் ஒரு கையை உள்பக்கம் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன். அவ்வளவு வருத்தம் எனக்கு. வாசலில் உன்னிடம் பேசினவர்கள் பேசினது தப்பு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னையும் அவர்களோடு சேர்த்துவிட்டாயே. நான் ஊர்க்கதை பேசவா சீட்டு எழுதினேன்? எங்கள் காலத்தில் ஆடு தொலைந்தால்கூடச் சபையில் சொல்லித்தான் ஜெபிப்போம். யாரும் வெட்கப்பட்டதில்லை. இப்போதுதான் அப்பா ஒரு ஊர், அம்மா ஒரு ஷிப்டு, பிள்ளை கையில் போன் என்று ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். போன வருசம் விருதுநகரில் சிறுவர் ஊழியப் பயிற்சி என்று எங்களைக் கூப்பிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளுங்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். படம் காட்டு, பொம்மையை ஆட்டு, பாட்டில் வேகம் வை என்றார்கள். எல்லாம் செய்கிறேன். இதற்குமேல் என்னத்தைப் புரிந்துகொள்ள?

உனக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பெண்கள் சங்கத்து உபவாச ஜெபத்தில் உன் குடும்பத்துக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். இருபது பெண்கள் முழங்கால் போட்டார்கள். நீ அநாதை இல்லை.

அப்படியும் உன் மனசு ஆறாவிட்டால் ஒரு வார்த்தை எழுது. வருகிற ஞாயிறே மைக்கைப் பிடித்து, சபைக்கு முன்னால், ப்ரியாவிடமும் நவீனிடமும் ஈவாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அக்கா,
தங்கச்செல்வி


அருப்புக்கோட்டை
1-4-2025

அக்காவுக்கு,

ஐயோ, மைக்கைத் தொட்டுவிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். மறந்துபோன நாலு பேருக்கும் அது ஞாபகப்படுத்திவிடும்.

இருபது பெண்கள் முழங்கால் போட்டீர்கள். அதில் ஒரு அம்மாவின் தம்பி மதுரையில் இருக்கிறாராம். அந்த நல்ல மனுஷன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்து அங்கேயே போய், நவீன் கட்டில் பக்கத்தில் நின்று சத்தமாக ஜெபம் பண்ணியிருக்கிறார். முன்னப்பின்ன தெரியாதவர். "உங்க ஊர்ச் சபை மொத்தமும் உங்களுக்காகக் கண்ணீர் விடுது பிரதர்" என்றாராம். அன்றைக்கு நவீன் போன் பண்ணினார். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சுல்ல? நான் இனி அங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? வரல. நீங்க உங்க பாட்டப் பாருங்க" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாவு பிசைந்த கை. ஈவா பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. அது என் தப்பு, உங்கள் தப்பில்லை.

"நான் ஜெபத்துக்குச் சொன்னதுனாலதான் அப்பா வரமாட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். இல்லடி தங்கம் என்றேன். நம்பவில்லை. அன்றிலிருந்து என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். "ஒண்ணுமில்ல." சாப்பிட்டாயா, ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்தில் என்ன, ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை நான் ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்து அவள் சாக்ஸைக் கழற்றுகிறேன், வரவில்லை. முட்டியிலிருந்து ரத்தம் ஒழுகிக் காய்ந்து, காலோடு ஒட்டியிருக்கிறது. காலையில் விழுந்திருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சரிடமும் சொல்லவில்லை, பெரியம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து எடுத்தேன். ஸ் என்று ஒரு சத்தம்கூடப் போடவில்லை அக்கா.

நான் கல்யாணம் கட்டி வந்த பிறகுதான் வேதக்கோயிலுக்கு வந்தவள், உங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா வீட்டில் வேண்டுதல் என்றால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்போம். என்ன வேண்டினோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நாமும் சொல்ல மாட்டோம். உங்கள் பக்கம் வந்தபோது வாய்விட்டுச் சொல்லலாம், கேட்க ஆள் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஈவாவுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். எதுனாலும் மனசுல வச்சுக்காத, டீச்சர்கிட்டச் சொல்லு என்று.

நவீன் வந்தால் வருகிறார், வராவிட்டால் போகிறார். என் பிள்ளை வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொன்னால் போதும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இதற்குப் பதில் வேண்டாம்.

ப்ரியா


பரளச்சி
7-5-2025

ப்ரியாவுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தேன். இப்போது எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வி.பி.எஸ். திங்கட்கிழமை தொடங்கியது. குமாரலிங்கபுரத்திலிருந்து ஒரு தம்பி வந்து பொம்மையெல்லாம் ஆட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் நான் வழக்கம்போல, ஜெபக்குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று நோட்டை எடுத்தேன். முதல் பிள்ளை, "பரீட்சைக்காக ஜெபம் பண்ணுங்க டீச்சர்" என்றது. எழுதினேன். அடுத்ததும் பரீட்சை. எழுதினேன். அதற்கடுத்ததும் பரீட்சை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏலே, பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சுல்ல. என்ன பரீட்சை?" என்றேன். பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெரியவன் ஒருவன், "அடுத்த வருசப் பரீட்சைக்கு டீச்சர்" என்றான். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

கடைசிப் பிள்ளை வரைக்கும் எல்லாருக்கும் பரீட்சைதான் ப்ரியா. மே மாசத்தில்.

அந்தக் கூட்டத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் அப்பா ■■■■■■■■■■

மேலே அரை வரி அடித்திருக்கிறேன். எழுத வந்துவிட்டேன் பார். கை அப்படிப் பழகிவிட்டது. மசியால் நாலு தடவை அடித்திருக்கிறேன், படிக்கப் பார்க்காதே.

ஈவாவுக்கு நடந்ததை அத்தனை பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். டீச்சரிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று தங்களுக்குள் முடிவு பண்ணிவிட்டார்கள். விருதுநகர்ப் பயிற்சியில் பிள்ளையை எப்படிப் பேசவைப்பது என்று சொன்னார்கள். பேசின பிறகு அந்தப் பேச்சை நாம் என்ன செய்ய வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சென்னையில் இருக்கிற என் மகனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லி அழுதேன். சமாதானம் சொல்வான் என்று பார்த்தேன். அவனோ, "அம்மா, நான் பழைய வேலைய விட்டு நாலு மாசமாச்சு" என்றான். ஏண்டா என்கிட்டச் சொல்லல என்றேன். "உங்ககிட்டச் சொன்னா ஞாயித்துக்கிழமை மைக்குல வந்துரும்லம்மா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ்ஸு பத்து மணிக்குத்தான் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

மறுநாள் உபதேசியாரிடம் போனேன். "ஐயா, இனி பிள்ளைக சொல்ற குறிப்பு உங்ககிட்ட வராது. பெரியவுக குறிப்பும் அவுகளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் நீங்க வாசிக்கணும்" என்றேன். "என்னம்மா இது, ஜெபத்துக்குக் கையெழுத்தா?" என்றார். "ஆமாய்யா. கர்த்தருக்கு மைக்கு வேணாம். நமக்குத்தான் வேண்டியிருக்கு" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு சரி என்றார். அவரும் நல்ல மனுஷன்தான்.

ப்ரியா, நான் தப்பு செய்துவிட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்ற வாலை ஒட்டாமல் சொல்கிறேன். உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இது. ஈவாவிடம் கேட்க வேண்டியது தனியாக இருக்கிறது. ஒரே ஒரு தடவை வந்து அவளைப் பார்க்கவா? நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

தங்கச்செல்வி


அருப்புக்கோட்டை
13-5-2025

அக்காவுக்கு,

அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நன்றாகத்தான் அடித்திருக்கிறீர்கள்.

அந்தப் பரீட்சைக் கதையைப் படித்துவிட்டுக் கடையில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். என்ன என்று கேட்டார்கள். ஒண்ணுமில்ல என்றேன். சொன்ன பிறகுதான் அது ஈவாவின் வார்த்தை என்று ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை, வாருங்கள். ஆனால் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். தனியாக வாருங்கள், பெண்கள் சங்கத்தில் யாரையும் துணைக்குக் கூட்டி வர வேண்டாம். வசனம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். டிபன் பாக்ஸைக் கொண்டுவராதீர்கள், லஞ்சம் மாதிரி இருக்கும். ஜெபம் பண்ணுவதாக இருந்தால் பஸ்ஸில் வரும்போதே பண்ணிவிட்டு வாருங்கள். அவள் பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். நெசவாளர் தெரு முக்கில் வந்து முருகேஸ்வரி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். ஊருக்குள் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால் சொந்தக்காரியை என்று சொல்லுங்கள்.

ப்ரியா


அருப்புக்கோட்டை
24-5-2025

அக்கா,

நீங்கள் வந்துபோனதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் குரல் கேட்டதும் ஈவா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதில் எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வெயிலில் அத்தனை தூரம் வந்தவர். நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தக் கதவுக்கு முன்னால் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். சேலை நனைகிறது என்றேன், கேட்கவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன், ஆனால் எல்லாம் கேட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், சின்ன வீடு.

"ஈவா, நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அத நான் வெளிய சொன்னதுதான் தப்பு. உன்கிட்டக் கேட்டுருக்கணும். கேக்கல. டீச்சர மன்னிச்சிரு" என்றீர்கள். இந்த வயசில் ஒரு பெரிய மனுஷி ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. உள்ளே பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் வந்தது. ரொம்ப நேரம் கழித்து, "எங்கப்பா வராததுக்கு நான் காரணமா டீச்சர்?" என்று கேட்டாள். "இல்லடா. உங்கப்பா கூச்சப்படுறதுக்கு நான் காரணம். உங்கப்பா ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு நீதான் காரணம்" என்றீர்கள். அதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. "உங்கப்பா கை நடுங்குறத நீ பாத்துட்டுப் பயந்தல்ல, அதப் பாத்துதான் அவரு போயிருப்பாரு" என்று எப்படி உங்களுக்குத் தோன்றியது? நவீனும் என்னிடம் அதைத்தான் சொல்லியிருந்தார். சாப்பாட்டுத் தட்டு கையில் ஆடுவதை ஈவா பார்த்துவிட்டாள் என்று.

கதவு திறக்கவில்லைதான். நீங்கள் முகம் வாடித்தான் பஸ் ஏறினீர்கள்.

மறுநாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "டீச்சர் சேலை ரொம்ப நனைஞ்சிருச்சாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். ரெண்டாவது சடைக்கு ரிப்பன் கட்டும்போது, "அம்மா, என் செருப்பு கடிக்குதும்மா. ரொம்ப நாளாக் கடிக்குது" என்றாள்.

அக்கா, செருப்பு கடிக்கிறதுக்காக எந்தத் தாயாவது பிள்ளையைக் கட்டிப்பிடித்துச் சிரிப்பாளா? நான் சிரித்தேன். முருகேஸ்வரி அக்கா ஓடிவந்து, "என்னடி ஆச்சு ஒனக்கு?" என்று திட்டினாள். அன்றைக்கே புதுச் செருப்பு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நவீன் புதன்கிழமை வெளியே வருகிறார். ஊருக்கு வரமாட்டேன் என்பதில் மாற்றமில்லை. சபீர் பாய் இங்கே டவுனில் உள்ள தன் குடோனில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார். "வண்டிச் சாவி மெதுவாத் தாரேன் மாப்ள, மொதல்ல நல்லாச் சாப்பிடு" என்றாராம். நாங்கள் இங்கேயே ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இதை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்வீர்கள் என்று எழுதுகிறேன்.

ப்ரியா


பரளச்சி
16-6-2025

அன்புள்ள ப்ரியா,

நேற்றுக் காலையில் வேலிக் கருவை ஓரமாக ஒரு பைக் வந்து நின்றது. நான் பிள்ளைகளுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் புதுச் செருப்போடு ஈவா இறங்குகிறாள். நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே! எனக்கு ஸ்தோத்திரம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நவீன் பைக்கிலிருந்து இறங்கவில்லை. மெலிந்திருக்கிறார், ஆனால் முகம் தெளிந்திருக்கிறது. உபதேசியார் பார்த்துவிட்டார். ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு, "சகோதரனே!" என்று கிளம்பினார் பார், நான் ஓடிப்போய் அவர் ஜிப்பாவைப் பிடித்துவிட்டேன். "ஐயா, ஆம்ப்ளிபயர்ல ஏதோ இரையுது, வந்து பாருங்க" என்றேன். அதில் ஒரு இரைச்சலும் இல்லை. அவர் வயரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நவீன் நிழலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். மார்ச் மாசத்துத் தங்கச்செல்வியாக இருந்தால் நானே கையைப் பிடித்து இழுத்துவந்து முதல் பாயில் உட்காரவைத்திருப்பேன். அவர் வருகிற நாள் வரட்டும். வெளியே நின்றாலும் பாட்டு கேட்கும்.

கிளாஸில் ஈவா பின்னால்தான் உட்கார்ந்தாள். பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. இப்போதெல்லாம் நான் நோட்டு எடுப்பதில்லை. கடைசியில் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன், விருப்பமுள்ள பிள்ளை வந்து காதில் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். வெளியே சொல்லலாமா கூடாதா என்று அவர்களையே கேட்பேன். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரம் ரெண்டு பரீட்சைதான் வந்தது. நேற்று மூன்று பிள்ளைகள் வந்தார்கள். பரீட்சை ஒன்றுகூட இல்லை.

எல்லாரும் போன பிறகு ஈவா எழுந்து வந்தாள். என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஜெபக்குறிப்பு சொன்னாள். "வெளிய சொல்லலாமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அம்மாகிட்ட?" என்றேன். அதற்கும் ஆட்டினாள்.

என்ன சொன்னாள் என்று நீ கேட்பாய். சொல்ல மாட்டேன் ப்ரியா. ஆபத்தான காரியமாக இருந்தால் அடுத்த பஸ்ஸில் உன் வீட்டு வாசலில் நின்றிருப்பேன், அவளிடமும் அதைச் சொல்லிவைத்திருக்கிறேன். இது அப்படியில்லை. பயப்படாதே. என் வீட்டுக்காரரும் கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து எனக்கு நாக்கு அரிக்கிறது. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

டிபன் பாக்ஸ் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

அக்கா,
தங்கச்செல்வி


அருப்புக்கோட்டை
19-6-2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

என் பிள்ளை என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியக்கூடாதா, நான் பெற்றவள் இல்லையா என்று ரெண்டு பக்கம் எழுதினேன். கிழித்துப்போட்டுவிட்டேன். உங்கள் நாக்கு அரிக்கட்டும், என் காது அரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ஈவா ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். சட்னியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டாள். நவீன் தட்டைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு ஆடவில்லை. "அடுத்த வாரமும் நானே கொண்டுபோய் விடுறேன்" என்றார். உள்ளே வருவாரா என்று நான் கேட்கவில்லை.

இந்த ஞாயிறு நானும் வருகிறேன். டிபன் பாக்ஸை எடுத்துவையுங்கள். வாசலில் யாராவது ஏதாவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கும் ஒரு ஜெபக்குறிப்பு இருக்கிறது அக்கா. கவருக்குள்கூட எழுத மாட்டேன். கிளாஸ் முடிந்து பிள்ளைகளெல்லாம் போன பிறகு அந்த முக்காலிக்குப் பக்கத்தில் வந்து, உங்கள் காதில் சொல்கிறேன்.

ப்ரியா